நிர்வாகக் குழுவுக்கு நிற்க எண்ணும் அங்கத்தினருக்கு

சங்கத் தேர்தலில் நிற்க வேண்டும் என்னும் எண்ணம் நம் அங்கத்தினருள் பலருக்கு எழுவதே இல்லை. எழுந்தவர்களுள்ளும் சிலர் அதனை வெளியில் சொல்ல நாணுகின்றனர். ஆரணியை அடுத்த சேவூரைப் போன்ற பட்டு நெசவூர்களில் இந்நிலையை எளிதிற் காணலாம். ஒருவர் முப்பது ஆண்டுகளாகத் தறியில் அமர்ந்திருப்பார். நூல் கையில் வந்தவுடனே அதன் எடையை ஏறக்குறையச் சொல்லிவிடுவார். சரிகையை வெளிச்சத்தில் ஒரு முறை திருப்பிப் பார்த்தே அதன் தரத்தை அறிவார். ஆயினும், குழுவுக்கு நிற்கலாமே என்று யாரேனும் சொன்னால், ‘அது நமக்கு எதற்கு? படித்தவர்கள், வசதியுள்ளவர்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்று விலகிவிடுவார். மற்றொரு பக்கத்தில், சங்கத்தின் வரவு செலவு அறிக்கையை ஒரு நாளும் விரித்துப் பாராத ஒருவர், தெருவில் ஆள்பலம் உண்டு என்பதை மட்டும் நம்பி முதல் ஆளாக வேட்புமனுவைக் கொடுப்பார். முன்னவருடைய தயக்கத்தினாலும் பின்னவருடைய துணிச்சலினாலும் சங்கத்துக்கு உண்டாகும் நட்டம் ஏறக்குறைய ஒன்றே. தேர்தலில் நிற்பதற்கு முன்னர் ஓர் அங்கத்தினர் எவற்றைத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

நிர்வாகக் குழு என்ன வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்குவது முறை. பட்டு நெசவுச் சங்கம் நூலும் சரிகையும் வாங்குகிறது. சாயம் ஏற்றிய நூலைப் பாவுக்கும் ஊடைக்கும் எடை போட்டு அங்கத்தினரிடம் கொடுக்கிறது. அவர் நெய்து தரும் சேலையை எடையும் தரமும் பார்த்து ஏற்றுக்கொண்டு கூலி வழங்குகிறது. பின்னர் அச்சேலையைக் கோ-ஆப்டெக்ஸ் நிறுவனத்துக்கோ, தன் விற்பனை நிலையத்தின் வாயிலாகப் பொதுமக்களுக்கோ விற்கிறது. இந்தச் சுற்றில், நூலை எங்கே என்ன விலைக்கு வாங்குவது, எந்த மாதிரியில் எத்தனை சேலை நெய்யச் சொல்வது, யாருக்கு எப்பொழுது பாவு கொடுப்பது, தேங்கிய சரக்கை என்ன செய்வது ஆகிய தீர்மானங்கள் குழுவின் கூட்டத்தில் உண்டாகின்றன. அவற்றுள் ஒன்று தவறினால் அதன் விளைவு சில மாதங்களுக்குள் தறிக்குழிக்கு வந்துவிடுகிறது. பாவு வருவது தாமதமாகும். கூலி நாள் தள்ளிப்போகும். அவ்வேளையில் வீட்டில் ஒரு கல்யாணமோ மருத்துவச் செலவோ நேர்ந்தால், நெசவாளர் தனியார் முதலாளியிடம் முன்பணம் வாங்குகிறார். முன்பணம் தீரும் வரையில் அவருடைய தறி அம்முதலாளிக்கே ஓடும். அங்கத்தினர் ஏட்டில் பெயர் இருக்கும். தறியோ சங்கத்துக்கு இராது. இவ்வாறு தறிகளை ஒவ்வொன்றாக இழந்தே ஒரு சங்கம் தேய்கிறது.

பயிர்த் தொழில் செய்யும் அன்பர்களுக்கும் இது புதிதன்று. நடவுக்கு முன் கிடைக்க வேண்டிய பயிர்க்கடன் நாற்று முற்றிய பின் கிடைத்தால், வட்டிக்காரரிடம் வாங்கிய பணத்தை அடைக்கவே அது போதும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் குழு காலத்தில் கூடவில்லை என்பதற்காக மழை காத்திருப்பதில்லை.

ஓர் அங்கத்தினருக்கு ஒரு வாக்கு என்பது கூட்டுறவின் அடிப்படை. நூறு பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் வாக்கு ஒன்றுதான். இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் 1844-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஒரு சிறு கடையைத் திறந்த 28 பேர் இந்நெறியை நடைமுறையில் நிலைநாட்டினார்கள். அவர்களுள் பலர் கம்பளித் துணி நெய்த நெசவாளர்கள் என்பதை நம் அங்கத்தினர் நினைவிற் கொள்ளுதல் தகும். படித்தவர்களும் வசதியுள்ளவர்களும் பார்த்துக்கொள்வார்கள் என்று அவர்கள் இருந்திருந்தால், அக்கடை திறந்திராது. அவர்களுடைய விதிகளில் மற்றொன்றும் இருந்தது: கணக்கும் இருப்புநிலைக் குறிப்பும் குறித்த காலந்தோறும் அங்கத்தினர் முன் வைக்கப்பட வேண்டும் என்பது. முதல் விதியை எல்லோரும் மேடையிற் பேசுகின்றோம். இரண்டாவது விதியைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

அயல்நாட்டுக்குப் போவானேன்? சேவூரிலிருந்து நேர் கிழக்கே, செய்யாற்றைக் கடந்து ஐம்பது அறுபது கிலோமீட்டர் சென்றால் உத்திரமேரூர் வருகிறது. அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பட்ட இரண்டு கல்வெட்டுகள் உள்ளன. ஊர்ச்சபைக்கு உட்பட்ட வாரியங்களுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை அவை விரிவாகக் கூறுகின்றன. முதலாண்டில் எழுதிய விதிகளை இரண்டு ஆண்டுகளில் திருத்தி மறுபடியும் எழுதியிருக்கிறார்கள் என்பதிலிருந்தே, நடைமுறையில் குறை கண்டு சரிசெய்தவர்கள் அவர்கள் என்பது விளங்கும்.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் கட்டி, குடத்தில் இட்டு, சிறியோரும் பெரியோருமாகச் சபையார் அனைவரும் கூடியிருக்கும்பொழுது, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஓலையை எடுக்கச் செய்தனர். எடுத்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். அவன் வாசித்த பின்னர், அங்கிருந்த நம்பிமார் அனைவரும் அவ்வோலையை வாசிக்க வேண்டும். விரல்களை விரிக்கச் சொன்னது எதற்காக என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. ஓலை மாற்றும் கை அக்காலத்திலும் இருந்திருக்கிறது! இவ்வாறு தேர்ந்தவர்களிலிருந்து ஸம்வத்ஸர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் என அமர்த்தினர். பதவிக் காலம் 360 நாள்.

921-ஆம் ஆண்டு விதிப்படி, குடவோலையிற் பெயர் இடப்படுவோர் 35 வயதுக்கு மேலும் 70 வயதுக்கு உட்பட்டும் இருத்தல் வேண்டும். கால் வேலிக்கு மேற்பட்ட வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் கட்டிய வீடும் வேண்டும். வேதக் கல்வி வேண்டும். இத்தகுதிகளை நாம் இன்று ஏற்பதற்கில்லை. உத்திரமேரூர் ஒரு பிரமதேயம். அங்கே நிலமுடைய அந்தணர்க்கே அச்சபையில் இடம் இருந்தது. பெண்டிர்க்கு இடமில்லை, அதே ஊரில் உழுதவர்க்கும் நெய்தவர்க்கும் இடமில்லை. அதனைப் பழைய குடியாட்சி என்று புகழ்வோர் இதனையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேலும், குடவோலை என்பது வாக்கெடுப்பு அன்று. திருவுளச் சீட்டைப் போன்றது. ஆதலால் அங்கே ஒருவர் ‘நிற்பதும்’ இல்லை, ‘வெல்வதும்’ இல்லை.

எனினும் தகுதியின்மையைக் கூறும் பகுதி இன்றைய சங்கத் தேர்தலுக்கு அப்படியே பொருந்துவது. முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியம் செய்தவர் மறுபடியும் வாரியத்துக்கு வரலாகாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதிருந்தவர் பெயரைக் குடவோலையில் இடலாகாது. அவர் பெயர் மட்டுமன்று. அவருடைய சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன், மாமனார், உடன்பிறந்தார், மருமகன் என்று உறவுமுறைகளை வரிசையாக எழுதி, அவர்கள் பெயரையும் இடலாகாது என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். கணக்கு எழுதுவோனுக்கும் தனி விதி உண்டு. தான் எழுதிய கணக்கைத் தானே கொண்டுவந்து காட்டித் தூயவன் என்று ஏற்கப்பட்ட பின்னரே அவன் மறுபடியும் கணக்கெழுத வரலாம்; ஒருவன் எழுதிய கணக்கை மற்றொருவன் புகுந்து முடித்துக் கொடுக்கலாகாது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஏரி தூர் வாரவும் தோட்டம் காக்கவும் ஆள் தேடியவர்கள், ஒருவருடைய பேச்சுத் திறத்தையோ உறவின் பெருக்கத்தையோ பார்க்கவில்லை. முன்பு பொறுப்பில் இருந்தபொழுது கணக்குக் காட்டினாரா என்பதைப் பார்த்தார்கள். நம் அங்கத்தினரும் வேட்பாளரிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி அதுவே. வேட்பாளர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டியது, கேட்கும்பொழுது கணக்குக் காட்ட நமக்குத் தெரியுமா என்பது.

இன்றைய சட்ட நிலையைச் சுருக்கமாகக் கூறுவோம். தமிழ்நாட்டுச் சங்கங்கள் 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின்படி நடைபெறுகின்றன. அச்சட்டம் 1988 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நெசவாளர் சங்கங்களுக்குக் கைத்தறித் துறையின் இயக்குநரே பதிவாளரின் அதிகாரங்களைச் செலுத்துகிறார். அரசியலமைப்பின் தொண்ணூற்றேழாம் திருத்தம் 2012 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்து, கூட்டுறவுச் சங்கம் அமைப்பதை மக்களின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. அத்திருத்தத்தில் மாநிலச் சங்கங்களின் நிர்வாகத்தைப் பற்றிய பகுதியை, மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதல் பெறப்படவில்லை என்ற காரணத்தால், உச்ச நீதிமன்றம் 2021 ஜூலையில் செல்லாததாக்கியது. உரிமை மட்டும் நிலைத்தது. தமிழ்நாட்டில் 2013-ஆம் ஆண்டிலும் 2018-ஆம் ஆண்டிலும் சங்கத் தேர்தல்கள் நடைபெற்றன. இரு முறையும் பல சங்கங்களில் போட்டியின்றியே குழுக்கள் அமைந்தன. 2018-இல் அமைந்த குழுக்களின் ஐந்தாண்டுத் தவணை 2023-இல் முடிந்தபொழுது, பல சங்கங்களின் பொறுப்புத் தனி அலுவலர்களிடம் சென்றது.

போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பதைப் பெருமையாகச் சுவரொட்டியில் அச்சிடுகிறார்கள். ஊர் ஒற்றுமைக்கு அடையாளம் என்று சிலர் மகிழவும் செய்கிறார்கள். எமக்கு அதில் மகிழ்ச்சி இல்லை. நானூறு அங்கத்தினர் உள்ள ஒரு சங்கத்தில், இருக்கும் இடங்களுக்கு மேல் ஒருவர் கூட முன்வரவில்லை என்றால், அங்கே ஒன்று அக்கறை இல்லை, அல்லது அச்சம் இருக்கிறது. போட்டி வரும்பொழுதுதான் தேங்கிய சரக்கைப் பற்றியும் கூலி நாளைப் பற்றியும் வெளிப்படையான பேச்சு எழுகிறது. ஒரு வாக்கில் தோற்றவர் ஒருவர் இருந்தால், வென்றவர் அடுத்த ஐந்தாண்டும் சற்று விழிப்பாகவே இருப்பார்.

இனி, நிற்க விரும்புவோர் செய்ய வேண்டியவை. சங்கத்தின் துணைவிதிகளின் படி ஒன்றைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். தம் பெயர் வாக்காளர் பட்டியலில் உள்ளதா, தந்தை பெயரும் அங்கத்தினர் எண்ணும் பிழையின்றி உள்ளனவா என்று பார்க்க வேண்டும். தந்தையார் காலமான பின்னும் பங்கு அவர் பெயரிலேயே இருக்க, மகன் இருபது ஆண்டு அப்பெயரிலேயே பாவு வாங்கி நெய்துகொண்டிருப்பது நம் ஊர்களில் அரிதன்று. தேர்தல் அறிவிப்பு வந்த பின் அதனை மாற்ற ஓடுவதிற் பயனில்லை. இணை உறுப்பினருக்கு வாக்கில்லை என்பதையும் அறிக. சங்கத்துக்குச் செலுத்த வேண்டிய கடனில் தவணை தவறியவர், சங்கத்தில் ஊதியம் பெறும் பணியாளர், சங்கத்தோடு ஒப்பந்தம் செய்து ஆதாயம் பெறுபவர் ஆகியோர் குழுவில் இடம்பெற முடியாது. கையிலுள்ள நூலுக்கும் சரிகைக்கும் கணக்கு நேராக இருக்கிறதா என்பதையும் முன்னதாகவே சங்கத்தில் பார்த்து எழுத்தில் பெற்றுக்கொள்வது நலம். வேட்புமனுவில் முன்மொழிபவரும் வழிமொழிபவரும் அதே சங்கத்தின் வாக்குரிமையுள்ள அங்கத்தினராக இருக்க வேண்டும். அவர்களுடைய எண்களை ஏட்டோடு ஒப்பிட்டு எழுதுக. மனுவைக் கொடுத்தவுடன் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பக் கூடாது. பரிசீலனை நாளன்று நேரில் இருப்பது அவசியம். தலைவரும் துணைத் தலைவரும் பின்னர் குழுவின் உறுப்பினர்களாலேயே தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். ஆகையால் ‘தலைவர் பதவிக்கு நிற்கிறேன்’ என்று தெருவில் வாக்குக் கேட்பது முறையன்று.

இவையெல்லாம் இரண்டு நாளில் கற்கக்கூடியவை. கணக்கைப் படிக்கக் கற்பதுதான் காலம் பிடிக்கும் வேலை. அதிலும் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. பாவில் எத்தனை இழை, ஊடையில் எவ்வளவு எடை, ஜக்கார்டு அட்டையில் எத்தனை துளை என்று நாள்தோறும் கணக்கிடுவோர்க்கு இருப்புநிலைக் குறிப்பு கடினமானதன்று. பழக்கமின்மையே தடை.

ஒரு கற்பனைச் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்டு முடிவில் அதன் குறிப்பில் ‘முடிந்த சரக்கு இருப்பு’ என்ற தலைப்பில் 36,00,000 ரூபாய் காட்டப்பட்டிருக்கிறது. இது சொத்துப் பக்கத்தில் இருப்பதால், பார்ப்போர் சங்கம் செழிப்பாக இருக்கிறது என்று எண்ணுவர். நூல், சரிகை, கூலி எல்லாம் சேர்ந்து ஒரு சேலையின் அடக்கம் 9,000 ரூபாய் என்று கொண்டால், அந்தத் தொகை அலமாரியில் அடுக்கிய 400 சேலைகளைக் குறிக்கிறது. அவை கடந்த மாதம் நெய்தவையா, ஓராண்டுக்கு முன் நெய்தவையா என்பதைக் குறிப்பு தானாகச் சொல்லாது. கேட்டுத்தான் அறிய வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்டவை என்று வைத்துக்கொள்வோம். சங்கம் மத்தியக் கூட்டுறவு வங்கியிற் கடன் வாங்கியே அவற்றை நெய்தது. வட்டி நூற்றுக்குப் பத்து என்றால், ஆண்டுக்கு 3,60,000 ரூபாய்; மாதத்துக்கு 30,000 ரூபாய். சங்கத்தில் 120 தறிகள் ஓடினால், ஒவ்வொரு தறியும் ஆண்டுக்கு 3,000 ரூபாயை, நெய்யாமலே, வட்டிக்குக் கட்டுகிறது.

குழுக் கூட்டத்தில் ஒருவர், இச்சேலைகளை நூற்றுக்கு முப்பது குறைத்து விற்றுவிடலாம் என்கிறார். மற்றவர்கள், அடக்கத்துக்குக் குறைவாக விற்றால் 10,80,000 ரூபாய் நட்டம் வரும், அங்கத்தினர் நம்மைக் கேட்பார்கள் என்று மறுக்கிறார்கள். தீர்மானம் ஒத்திவைக்கப்படுகிறது. மூன்று ஆண்டு ஒத்திவைத்தால் வட்டியே 10,80,000 ரூபாய் ஆகிவிடும். நட்டம் அதே அளவு. ஆனால் அது ஓரிடத்தில் தெரியாமல் வட்டித் தலைப்பில் பிரிந்து கிடக்கும். சேலைகளோ இன்னும் அலமாரியில் இருக்கும். மடிப்பில் சரிகை கறுத்திருக்கும். அந்த வண்ணத்தைக் கேட்பாரும் இரார். இதனைக் காகிதத்தில் கணக்கிட்டுச் சக உறுப்பினருக்குக் காட்டக்கூடிய ஒரே ஒருவர் குழுவில் இருந்தாலும் தீர்மானம் வேறாகும். அப்படிப்பட்டவர் பட்டதாரியாக இருக்க வேண்டியதில்லை.

இருப்பைப் போலவே பார்க்க வேண்டியது வரவேண்டிய பாக்கி. யாரிடமிருந்து, எத்தனை மாதமாக வரவில்லை என்று பிரித்துக் கேட்க வேண்டும். கொள்முதலிலும் கண் வைக்க வேண்டும். பட்டிழையின் மேல் வெள்ளித் தகட்டைச் சுற்றிப் பொன் முலாம் பூசியது நல்ல சரிகை. செம்புக் கம்பியிற் செய்ததும் கடையில் கிடைக்கிறது. தொலைவிலிருந்து பார்த்தால் வேற்றுமை தெரியாது. காஞ்சிபுரத்தில் அரசின் சரிகை நிறுவனம் இருந்தும், விலை மலிவு என்று வேறிடத்தில் வாங்கப்படுமானால், பரிசோதனைச் சீட்டு எங்கே என்று கேட்பது குழு உறுப்பினரின் கடமை. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது ஊருக்கெல்லாம் பொதுவான பெயர். ஒரு சங்கம் வாங்கிய தரமற்ற சரிகையால் அப்பெயர் எல்லோருக்கும் கெடும். தறியில் இருப்பவருக்கு இது கணக்கரைவிட நன்றாகத் தெரியும். நெசவாளர் குழுவில் இருக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாக்குறுதிகளைப் பற்றி ஒரு சொல். கூலியை உயர்த்துவேன், கடனைத் தள்ளுபடி செய்விப்பேன் என்பவை சங்கத் தேர்தலில் மிகுதியாகக் கேட்கப்படுபவை. 2021 பிப்ரவரியில் தமிழக அரசு 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது உண்மை. அது மாநில அரசு செய்தது. எந்தத் தொடக்கச் சங்கத்தின் குழுவும் செய்ததன்று, செய்யவும் முடியாது. கூலியும் சேலையின் விலையோடும் துறையின் ஒப்புதலோடும் பிணைந்தது. குழு தன் அதிகாரத்துக்குள் செய்யக்கூடியவை வேறு: கூலி நாளைத் தவறாமற் காப்பது, பாவு கொடுக்கும் வரிசையை எழுதிச் சுவரில் ஒட்டுவது, எடைத் தராசை அங்கத்தினர் காணுமாறு வைப்பது, சேமநல நிதிக்குப் பிடித்த தொகையை அவரவர் பற்றுவரவு ஏட்டில் காலத்தில் பதிவது. இந்நான்கையும் செய்வேன் என்று சொல்லி நிற்கும் வேட்பாளர் கவர்ச்சி குறைந்தவராகத் தோன்றலாம். அங்கத்தினருக்கு நாள்தோறும் பயன்படுவது அவர் சொல்வதே.

மகளிர்க்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர்க்கும் குழுவில் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. நெசவு வீட்டில் தார் சுற்றுவதும், இழை முடிவதும், பல வீடுகளில் தறியில் அமர்ந்து நெய்வதும் பெண்டிர் செய்யும் வேலை. பங்கோ கணவன் பெயரில் இருக்கிறது. தேர்தல் நெருங்கும்பொழுது மட்டும் இடத்தை நிரப்ப மனைவி பெயரில் ஒரு பங்கு வாங்கி, மனுவில் கையொப்பம் வாங்கி, பின்னர் கூட்டத்துக்குக் கணவரே சென்று அமர்வது நடக்கிறது. சட்டப்படி அவர் அங்கே அந்நியர். அவருடைய பேச்சைக் குறிப்பில் எழுதலாகாது. எழுதினால் தீர்மானமே வினாவுக்கு உள்ளாகும். இதனை நாம் கடிந்து சொல்வதன் நோக்கம் ஒன்றே: கூலி தாமதமானால் எந்தக் கடையில் எவ்வளவு கடன் நிற்கிறது என்பதைத் துல்லியமாக அறிந்தவர் வீட்டை நடத்தும் பெண். அவர் குழுவில் வாய் திறந்தால் கூலி நாளைப் பற்றிய பேச்சு ஒத்திவைக்கப்படாது.

வாக்குக் கேட்கும்பொழுது தெரு, உறவு, கட்சி என்னும் மூன்றும் குறுக்கே வரும். இவற்றை அடியோடு விலக்குவது எவர்க்கும் இயலாது. சிறிய ஊரில் எல்லோரும் ஏதோ ஒரு வகையில் உறவினரே. மாமன் நிற்கிறார், நாம் எப்படி எதிர்த்து நிற்பது என்று மனம் வருந்துவோர் உண்டு. அவரிடமே நேரிற் சென்று, ‘மாமா, நானும் மனுக் கொடுக்கிறேன், தங்கள் மேல் குறை சொல்ல வரவில்லை, சரக்குத் தேக்கத்தைப் பற்றிப் பேச வருகிறேன்’ என்று முன்னதாகச் சொல்லிவிடுவது நல்லது. ஒருவர் வாயிலாக மற்றொருவர் கேள்விப்படும்பொழுதுதான் பகை வளர்கிறது. விருந்து, பணம், சேலை முதலியன கொடுத்து வாக்குக் கேட்பவரைப் பற்றி அங்கத்தினர் ஒன்றை மட்டும் எண்ணிப் பார்க்கட்டும். குழு உறுப்பினர் பதவிக்குச் சம்பளம் கிடையாது. அவர் செலவிட்ட பணம் எந்த வழியாகத் திரும்பும்?

வெற்றி பெற்ற பின் வரும் பொறுப்பையும் நிற்பதற்கு முன்பே அறிந்திருத்தல் வேண்டும். சட்டத்தின் 87-ஆம் பிரிவு, விதிக்கு மாறாகப் பணம் கொடுத்ததாலோ, நம்பிக்கை மோசடியாலோ, வேண்டுமென்றே செய்த அசட்டையாலோ சங்கத்துக்கு இழப்பு உண்டாக்கியவரிடமிருந்து அத்தொகையை வட்டியோடு வசூலிக்க வழி செய்கிறது. தண்டத்தீர்வை என்று இதனைச் சொல்வர். ‘எல்லோரும் கையொப்பம் இட்டார்கள், நானும் இட்டேன்’ என்பதை விசாரணையில் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். ஆதலால் எழுதாத தீர்மானப் புத்தகத்தில் கையொப்பம் இடுதல் கூடாது. வீட்டுக்கு அனுப்பப்பட்ட புத்தகத்தில், தறியில் அமர்ந்தபடியே இடுவது அதனினும் தீது. ஒரு தீர்மானத்துக்கு உடன்படாவிட்டால், வாயால் சொல்லிவிட்டு எழுந்து போவது போதாது. உடன்பாடின்மையைக் குறிப்பில் எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துப் பார்த்த பின்னரே கையொப்பம் இட வேண்டும். தணிக்கை அறிக்கை வந்தவுடன், அதிலுள்ள குறைகளை ஒவ்வொன்றாக எடுத்து, யார் எந்த நாளுக்குள் சரிசெய்வது என்று கூட்டத்தில் எழுதச் செய்வது ஒரு நல்ல உறுப்பினரின் முதல் ஆண்டு வேலை.

கூட்டம் நடைபெறும் நாளில் தறி ஓடாது. அன்றைய கூலி போகும். அமர்வுப்படி அதற்கு ஈடாகாது. இதனை வீட்டாரோடு பேசி முடிவு செய்த பின்னரே மனுக் கொடுக்க வேண்டும். மாதத்தில் இரண்டு நாள் தரக் கூடாதவர், நல்லவராயினும், நிற்காதிருப்பது நலம். அவர் வேறொருவருக்கு முன்மொழிபவராக இருக்கலாம்.

வாக்கெண்ணிக்கையில் தோற்றவருக்குச் சங்கத்தில் வேலை முடிந்துவிடுவதில்லை. ஆண்டுப் பேரவைக்கான அறிவிப்பு அவருக்கும் வரும். இருப்புநிலைக் குறிப்பின் படியைக் கேட்டுப் பெறவும், ஓராண்டுக்கு மேற்பட்ட சரக்கு எவ்வளவு, வரவேண்டிய பாக்கி யாரிடம் எவ்வளவு, தணிக்கையில் சொன்ன குறைகளுள் தீர்ந்தவை எவை என்று பேரவையில் எழுந்து கேட்கவும் அவருக்கு உரிமை உண்டு. கேள்வியைச் சில நாள் முன்னதாகவே எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொண்டால், விடையும் எழுத்தில் வரும். தேர்தலுக்காகக் கணக்கைப் படித்துச் சேர்த்த குறிப்புகள் அவர் கையில் இருக்கின்றன. அவற்றைப் பழைய தாள்களோடு கட்டிப் பரண்மேற் போடாமல், அறிக்கை வந்த அன்றே எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கலாம்.